குப்பை என்று ஒரு ஃபோல்டர்

அக்டோபர் 9, புதன்

இன்னும் இருபத்திரண்டு நாள். மாதக் கடைசி நாள் தீபாவளியாகப் போய்விட்டதால் முந்தின நாளே சால்வை போட்டு அனுப்பிவிடுவார்கள். முப்பத்தேழு வருட சர்வீஸ். இந்த நகராட்சியில் என் பேரில் ஒரு மெமோ கிடையாது. பதினான்கு ஆணையாளர்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர்கூட என்னிடம் "ஏன்" என்று எழுத்தில் கேட்டதில்லை. வாயால் கேட்டவர்கள் உண்டு. வாயால் கேட்பது சர்வீஸ் புத்தகத்தில் ஏறாது.

ஓய்வு பெறுகிற மாதம்தான் ஆபத்தான மாதம். கழுத்தில் மாலையோடு நிற்கிற ஆளிடம் தற்காலிகப் பணிநீக்க உத்தரவை நீட்டியதை இதே கட்டிடத்தில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் மாலையைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிப் போனார். அதனால் இந்த மாதம் எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அடுத்துக் கண்காணிப்பாளர் ஆகப்போகிற அருணாசலம், நான் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் என் நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறான். திரும்பி வந்து உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லை.

நாளை அலுவலகத்தில் ஆயுத பூஜை. வெள்ளிக்கிழமை லீவு என்பதால் ஒரு நாள் முந்திக் கும்பிடுகிறோம். பொரி, கடலை, சந்தனம் எல்லாம் வந்துவிட்டது. பூசணிக்காய் வடிவு வாங்கி வருகிறாள்.

வடிவைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதில்லை என்று நினைக்கிறேன். முழுப் பெயர் சண்முகவடிவு. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். ஒப்பந்த ஊழியர்தான், ஒன்பது வருடமாக. 1960 முதல் 64 வரையிலான பிறப்புப் பதிவேடுகள் ஐந்தும் வெள்ளத்தில் நனைந்து, அப்புறம் கரையான் ஏறி, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தன. இவள் ஊசியால் பக்கம் பக்கமாகப் பிரித்து ஒரு வருடமாக டைப் செய்து போன வாரம் முடித்தாள். மாதக் கடைசியில் மண்டல அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். ஐந்து வருடத்தையும் திரையில் காட்டினால் இவளை நிரந்தரம் செய்யப் பரிந்துரை எழுதுவதாக ஆணையாளர் சொல்லியிருக்கிறார். இந்த வருடம் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும். தினமும் மூன்று தடவை அதை என்னிடம் சொல்கிறாள்.

அக்டோபர் 10, வியாழன்

பூஜை சிறப்பாக முடிந்தது. எல்லாம் என் மேற்பார்வை.

சுத்தம் என்றால் எனக்கு முழுச் சுத்தம்தான். ஃபேன் இறக்கை, ட்யூப்லைட், பீரோவுக்கு அடிப்புறம் வரை துடைக்க வைத்தேன். பதிவேடு உதிர்ந்த தூளும் துண்டுமாக ஆறு சாக்கு ஒரு வருடமாக மூலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. டைப் செய்தாகிவிட்டதே, இனி எதற்கு என்று உரக்கிடங்கு வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அந்த மூலை எவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டர்களை எல்லோரும் வெளியே மட்டும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். உள்ளே கிடக்கிற அழுக்கை யார் பார்ப்பது? ஒவ்வொரு திரையிலும் "புதுசு", "புதுசு இரண்டு", "கடைசி", "கடைசிக்கும் கடைசி" என்று கண்ட பெயரில் ஃபோல்டர்கள். போன வருடமே சொன்னேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதனால் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மிஷினாக உட்கார்ந்து நானே துடைத்தேன். என் அண்ணன் மகன் சொல்லிக்கொடுத்த வழி. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட்டைத் தட்டினால் குப்பைத் தொட்டியில்கூடக் கிடக்காது, நேரே போய்விடும்.

வடிவின் திரையில் "குப்பை" என்றே பெயர் போட்டு ஒரு ஃபோல்டர். குப்பை என்று தெரிந்தே வைத்திருக்கிற ஆளை என்ன சொல்வது? அவள் அப்போது வாசலில் பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிக்கொண்டு, நடுநடுவே போனில் படம் எடுத்துக்கொண்டு இருந்தாள். ஆணையாளரின் டிரைவர் அலுவலகக் கேமராவில் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். சூடம் காட்டும்போது எல்லாத் திரையும் பளிச்சென்று இருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

வீட்டில் அரிவாள்மனை, தையல் மிஷின், மிக்ஸி மூன்றுக்கும் பொட்டு. சுண்டலில் உப்பு கூடிவிட்டது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் வடிவு மிஷினைப் போட்டுவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், எம் மிஷின்ல குப்பையக் காணோம்."

"குப்பையக் காணோம்னு முனிசிபாலிட்டில புகார் குடுத்த மொத ஆளு நீதாம்மா" என்றான் அருணாசலம். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அதுக்குள்ளதான் சார் அஞ்சு வருசமும் இருந்துச்சு."

விஷயம் இதுதான். அவள் பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருக்கும், யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள். போன வருடம் அவள் டைப் செய்த இறப்புப் பதிவுகளை யாரோ காப்பி எடுத்துத் தாங்கள் செய்ததாக மேலே காட்டிவிட்டார்களாம். "குப்பைன்னு பேரு போட்டா ஒருத்தரும் தொறந்து பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள். அருணாசலம் ஃபேனைப் பார்த்தான். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. அந்த அளவுக்கு அவள் நினைத்தது சரி.

ஆணையாளர் அவளைக் கூப்பிட்டு வேறு காப்பி இல்லையா என்று கேட்டார். "பென் டிரைவ் வேணும்னு ஜூன் மாசமே நோட் போட்டேன் சார்" என்றாள். அந்த நோட் என் மேசை மூன்றாவது டிராயரில் இருக்கிறது. அவசரமில்லை என்று வைத்தது. பதிவேட்டுத் தூள் உரக்கிடங்குக்குப் போன சங்கதியும் வெளியே வந்தது. "யாரு அழிச்சது, யாருக்காவது தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

திருநெல்வேலி ஜங்ஷனில் அழிந்த ஃபைல்களை மீட்டுக் கொடுக்கிற கடை இருக்கிறதாம். பீர்முகமது என்று ஒருவர். போனில் பேசினேன். வெள்ளிக்கிழமை வருகிறாராம். அதுவரை அந்த மிஷினைப் போடக்கூடாது, முக்கியமாக அதில் எதையும் ஏற்றக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார். வடிவு ஒரு தாளில் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதி மானிட்டரில் ஒட்டினாள். அவள் கையெழுத்து அழகு.

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். அறுபத்திரண்டுல ஒரே ஒரு பக்கத்த மட்டும் நான் தனி ஃபைலா வச்சிருந்தேன். அதுவும் அந்தக் குப்பையிலதான் கெடந்துச்சு."

"போயிச் சாப்பிடு."

"இல்ல மேடம், நவம்பர் மாசத்துப் பக்கம். அதுல வந்து..."

"சாப்பிடப் போன்னு சொன்னேன்லா."

போய்விட்டாள். சாம்பார் சாதம் கொண்டுபோயிருந்தேன், பாதிதான் இறங்கியது.

அக்டோபர் 16, புதன்

சாக்கில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா பார் என்று வடிவை மத்தியானம் உரக்கிடங்குக்கு அனுப்பினேன். ஊருக்கு வெளியே, போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். அருணாசலம் வரிவசூல் கூட்டத்துக்குப் போயிருந்தான்.

பூஜைப் படங்களும் வீடியோவும் அலுவலகக் கேமராவிலேயே கிடந்தன. எங்கேயாவது பத்திரமாக இருக்க வேண்டுமே என்று ஒரு மிஷினில் ஏற்றினேன். சரியாக ஏறினதா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னும் இரண்டு தடவை ஏற்றினேன். வீடியோ பெரியது, நேரம் எடுத்தது. அதற்குள் ஸ்டேஷனரி பட்டியலை முடித்தேன். மானிட்டரை மறைத்துக்கொண்டிருந்த தாளை எடுத்து, பிறகு அதே இடத்தில் ஒட்டினேன். செலோடேப் பிடிக்கவில்லை, புதிதாக இரண்டு துண்டு போட வேண்டியிருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

உரக்கிடங்கிலிருந்து ஒரு கேரிபேக் நிறையத் தூள் அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்திருக்கிறாள். நேற்று பெய்த மழையில் கூழாகிவிட்டது. அவள் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மேசையைத் துடைக்கச் சொன்னேன். துடைத்தாள்.

அக்டோபர் 18, வெள்ளி

பீர்முகமது வந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதையான ஆள். ஆணையாளர், நான், அருணாசலம், வடிவு நான்கு பேரும் சுற்றி நின்றோம்.

"அழிஞ்சதுன்னா போயிறாது சார்" என்றார். "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிக்கோம்லா, அத மாதிரி. நீங்க அழிக்கும்போது துண்டத்தான் எடுக்கு. உள்ள இருந்த ஆளு அப்படியே உக்காந்துதான் இருப்பான். வேற ஒருத்தன் வந்து அவன் மேலயே உக்காந்தாத்தான் போச்சு. அதான் எதையும் ஏத்தாதீங்கன்னு சொன்னேன்."

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"இதுல பதினாறாம் தேதி மத்தியானம் ஏத்திருக்காங்களே சார். பூஜைப் படம், வீடியோ. ஒண்ணு இல்ல, மூணு தடவ. இருந்த எடத்தப் பூராம் அடச்சிருக்கு."

"பூஜைப் படமா?" என்றான் அருணாசலம். "அன்னைக்குப் பூராம் போனும் கையுமா படம் எடுத்துக்கிட்டு அலைஞ்சது இந்தப் பிள்ளதான்."

"நான் எம் போன்ல நாலு படம் எடுத்தேன். அது இன்னும் போன்லதான் சார் இருக்கு" என்றாள் வடிவு. "பதினாறாந்தேதி மத்தியானம் நான் ஆபீஸ்லயே இல்ல. மேடம்தான் உரக்கிடங்குக்கு அனுப்புனாங்க. மேடத்தக் கேளுங்க."

ஆணையாளர் இந்தத் தடவை என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

"அனுப்புனது உண்மைதான் சார். எத்தன மணிக்குப் போனா, எப்ப வந்தான்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

ஞாபகம் இல்லைதான். நான் வாட்ச் கட்டுவதில்லை.

வடிவு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பிடிக்காத பார்வை. திட்டுகிற பார்வையாக இருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஏதோ நான் இன்னும் பேசி முடிக்காததுபோல, மிச்சத்தைக் கேட்கக் காத்திருக்கிறாள். பீர்முகமது அந்த மிஷினின் டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப்போனார். ஏதாவது தேறுமா பார்க்கிறேன் என்றார்.

அக்டோபர் 19, சனி

ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன், வழியனுப்பு விழாவுக்கு. மயில்கழுத்து நிறம்.

அக்டோபர் 21, திங்கள்

ஆணையாளர் வடிவிடம் விளக்கம் கேட்கச் சொல்லி ஃபைலை என்னிடம் அனுப்பினார். ரெக்கார்டு ரூமுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்குவமாகத்தான் சொன்னேன்.

"சின்ன லெட்டர். 'எனது கவனக்குறைவால் கோப்புகள் அழிந்துவிட்டன, பூஜைப் படங்களை ஏற்றியதும் நானே, மன்னிக்கவும்.' இவ்வளவுதான். எழுதிக் குடுத்துட்டன்னா விளக்கம் வாங்கியாச்சுன்னு ஃபைல மூடிருவாரு."

"நான் பண்ணலயே மேடம்."

"பண்ணலன்னா வேற யாரு பண்ணான்னு கேப்பாரு. யாரச் சொல்லுவ?"

மேலே கரையான் ஓடின சுவரைப் பார்த்தாள்.

"வேலைக்கு ஒண்ணும் வராதுல்லா மேடம்? எனக்கு வர்ற மாசியோட வயசு தாண்டிரும்."

"நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க சொன்னாச் சரி" என்று உட்கார்ந்து எழுதினாள். நான் சொல்லச்சொல்ல ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எழுதி முடித்ததும் பேனாவை என்னிடம் கொடுத்தாள். அது என் பேனாதான்.

இதையும் எழுதிவிடுகிறேன். என் நோட்டுதானே, யார் படிக்கப்போகிறார்கள்.

என் சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த தேதி 12.10.1964. அது பள்ளிக்கூடத்தில் எழுதினது. நான் நோஞ்சானாக இருந்தேன், அதனால் அப்பா இரண்டு வயது குறைத்துச் சொன்னார், தலைமையாசிரியரும் எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் பாதி ஊருக்கு வயது அப்படித்தான். அம்மா நட்சத்திரத்தோடு சொல்லித் தந்த தேதி 4.11.1962. அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் எழுதமாட்டார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், தெரு, கதவு எண், ஆணா பெண்ணா, அவ்வளவுதான். அதுவே போதும், அதே பெயரும் முகவரியும் என் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கின்றன. அந்த வீட்டில் ஒரே பெண் நான்தான். அந்த நவம்பர் பக்கம் அருணாசலம் கையில் கிடைத்து, அவன் ஒரு மொட்டைக் கடிதாசி போட்டால் முடிந்தது. வயதை மறைத்து இரண்டு வருடம் கூடுதலாக உட்கார்ந்தவள் என்று முப்பதாம் தேதி சாயங்காலம் எனக்கும் ஒரு தாளை நீட்டுவார்கள். நானும் மாலையோடு பஸ் ஏற வேண்டியதுதான்.

வடிவு அந்தப் பக்கத்தை மட்டும் ஏன் தனியே எடுத்து வைத்தாள்? அதைக் காட்டி என்னிடம் எதைக் கேட்கலாம் என்று காத்திருந்தாளோ. சும்மா யாராவது ஒரு பக்கத்தைப் பொத்தி வைப்பார்களா?

லெட்டரை ஃபைலில் கோத்து மேலே அனுப்பிவிட்டேன். "பணியாளர் தவற்றை ஒப்புக்கொண்டுள்ளார், தக்க நடவடிக்கைக்காக" என்று கீழே ஒரு வரி. அப்படித்தான் எழுத வேண்டும். அதுதான் முறை.

அக்டோபர் 24, வியாழன்

பீர்முகமது அலுவலகத்துக்குப் போன் செய்தார். நல்லவேளை, நான் எடுத்தேன். ஒரு ஃபைல் முழுசாக வந்திருக்கிறது, மற்றது பாதிப் பாதியாகத் தேறும்போல் இருக்கிறது என்றார். அரை நாள் லீவு போட்டுவிட்டு ஜங்ஷனுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

மாடியில் சின்னக் கடை. திரையைத் திருப்பிக் காட்டினார். முழுசாக வந்தது அந்த நவம்பர் பக்கம்தான். அவ்வளவு பெரிய வீடியோ மூன்று தடவை மேலே உட்கார்ந்தும் அது மட்டும் ஒரு ஓரத்தில் தப்பிக் கிடந்திருக்கிறது.

அப்பா பெயர் இருந்தது. அம்மா பெயர் இருந்தது. அம்மா பெயரை யாரும் எழுதி நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. கடைசிக் கட்டத்தில் "குறிப்பு" என்று போட்டு வடிவு எழுதியிருந்தாள்: "மேடம் ரிட்டயர் ஆன பிறகு 1962இல் சேர்க்க வேண்டும். அதுவரை யாருக்கும் காட்டக் கூடாது."

இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அது இறங்கின பிறகு கோபம்தான் வந்தது. எனக்காக இரக்கப்பட இவள் யார்? நேற்று வந்த ஒப்பந்தக்காரி என்னை மூடி வைத்துக் காப்பாற்றுகிறாளாம். நான் கேட்டேனா?

"ஒண்ணும் தேறலன்னு எழுதிக் குடுத்துருங்க தம்பி" என்றேன்.

"தேறிருக்கே மேடம். பத்து நாள் குடுத்தா ரெண்டு வருசமாவது எடுத்துருவேன்."

"ஆய்வு இருபத்தொம்பதாம் தேதி. பாதிப் பாதிய வச்சு என்ன செய்ய? வேலைய நிறுத்திருங்க."

"அந்த அக்கா தெனமும் போன் போட்டுக் கேக்காங்க மேடம். ஒரு பக்கம் வந்தாலும் போதும்னு சொன்னாங்க."

"ஆபீஸ்ல இருந்து சொல்லுதது நான்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி மேடம்" என்று என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார். திரும்ப வராதா என்று கேட்டேன். வராது என்றார். நிச்சயமாக வராதா என்று மறுபடி கேட்டேன்.

"எங்கிட்ட எல்லாரும் போனத எடுக்கத்தான் வருவாங்க" என்றார். லெட்டர்பேடில் "எதுவும் மீட்க இயலவில்லை" என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வரும்போது அல்வா வாங்கினேன். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

வடிவின் ஒப்பந்தம் இன்றோடு ரத்து. ஒப்புதல் கடிதம் ஃபைலில் இருந்ததால் விசாரணை தேவைப்படவில்லை. உத்தரவை நானே டைப் செய்ய வேண்டியதாயிற்று. ஆப்பரேட்டர் இல்லை.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். "பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்களே மேடம்" என்பாள் என்று எதிர்பார்த்துப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ், ஒரு குடை, பதிவேடு பிரிக்கிற ஊசி மூன்றையும் எடுத்துப் பையில் போட்டாள். ஊசியை மட்டும் திரும்ப எடுத்து மேசையில் வைத்தாள். அலுவலகச் சாமானாம்.

வயது தாண்டுவதற்கு நான் என்ன செய்ய முடியும்.

அக்டோபர் 28, திங்கள்

ஜாக்கெட் கை பிடிக்கிறது. பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

ஆய்வு. ஐந்து வருடம் இல்லை என்றதும் "ஏன்" என்றார்கள். ஆணையாளர் வடிவின் கடிதத்தைக் காட்டினார். குறித்துக்கொண்டு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்கள். மொத்தம் நான்கு நிமிடம்.

அக்டோபர் 30, புதன்

முடிந்தது. ஒரு தாளும் வரவில்லை.

கூட்ட அரங்கு நிறைந்திருந்தது. பதினொரு சால்வை. ஆணையாளர் பேசும்போது, முப்பத்தேழு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காத அம்மா, இளைய ஊழியர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கைதட்டினார்கள். அருணாசலம் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். நான் நன்றி சொல்லும்போது அழக்கூடாது என்று இருந்தேன், அழுதுவிட்டேன்.

பாதியில் வடிவு வந்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வேலைக்கு வரும் அதே பச்சைச் சேலை. வாசலில் பன்னீரும் சந்தனமும் வைத்திருந்த தட்டில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு மேடைக்கு வந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கும் சந்தனம் ஒட்டிருந்துச்சு மேடம். திங்கக்கிழம காலையில பாத்தேன். மவுஸ்ல, ஷிஃப்ட்ல, டெலீட்ல. வேற எந்தப் பட்டன்லயும் இல்ல."

நான் எலுமிச்சம்பழத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன்.

"அருணாசலம் சார் வாரதுக்கு முன்னால தொடச்சுட்டேன். அப்புறந்தான் உங்க மேசைக்கு வந்தேன். நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்கு லெட்டர் எழுதிக் குடுத்த?"

"நீங்க பாத்துக்கிடுதேன்னு சொன்னீங்க."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அருணாசலம் போட்டோ எடுக்கக் கூப்பிட்டான், போனேன். திரும்பிப் பார்க்கும்போது அவள் இல்லை. சாப்பிடாமல் போய்விட்டாள். இலை ஒன்று மிஞ்சியது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அல்வாவை இன்றுதான் பிரித்தேன். கெட்டுப்போயிருந்தது.

நவம்பர் 4, திங்கள்

வேலை இல்லாத முதல் திங்கள். ஆறு மணிக்கே எழுந்து தலை வாரிவிட்டேன். அப்புறம்தான் போக வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது. சால்வைகளை மடித்து பீரோவில் அடுக்கினேன்.

இன்றைக்கு எனக்கு அறுபத்திரண்டு முடிகிறது. இதை அப்பா, அம்மா இருந்தவரை அவர்கள் மட்டும் அறிந்திருந்தார்கள். அண்ணனுக்குக்கூட வருஷம் நிச்சயமாகத் தெரியாது. வழக்கம்போல யாரிடமும் சொல்லாமல் ஒரு டம்ளர் பாயசம் வைத்துக் குடிக்கலாம் என்று சேமியாவை வறுத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் இனிப்பு இன்னும் நன்றாக இறங்கும் என்று நினைத்தேன். தாள் உரமாகிவிட்டது. ஃபைலும் அழிந்துவிட்டது. பீர்முகமது வராது என்று சொல்லிவிட்டார்.

போன் சத்தம் கேட்டது. வடிவு நம்பர். ஒரே வரி.

"பிறந்தநாள் வாழ்த்துகள் மேடம்."

அடுப்பை அணைத்தேன். சேமியா கருகிவிட்டது. அந்த வரிக்கு மேலும் கீழும் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பதில் போடலாமா என்று நினைத்து "நன்றி" என்று எழுதி, அதை எடுத்துவிட்டேன்.

அவள் வரியையும் அழித்துவிட்டேன். அவள் போனில் இருக்கும்.